பின்பக்கப் படிக்கட்டு

விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் வாளிகள் இரண்டு கையையும் இழுக்க, இருதயமேரி மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். கடற்கரையை ஒட்டிய அந்த ஹோட்டலின் பின்பக்கப் படிக்கட்டு குறுகல், கைப்பிடி கிடையாது. ஃபினாயில் நெடி தொண்டையைக் கீறியது. முன்பக்கம் லிஃப்ட் உண்டு. விருந்தாளிகளுக்கு மட்டும்.

நேற்று இதே படியில்தான் கலியமூர்த்தி விழுந்தார். வாசலில் சல்யூட் அடிப்பவர், பெட்டி தூக்குபவர். விருந்தாளி லிஃப்டில் போக, இவர் பெட்டியோடு படியில் ஓட வேண்டும். விருந்தாளி அறைக்கு வரும்போது பெட்டி அங்கே காத்திருக்க வேண்டும். அதுதான் ஹோட்டலின் பெருமை! நேற்று கால் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்தது.

மத்தியானம் மேரியும், சலவை மூட்டை சுமக்கும் கொளஞ்சியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலில் எடைக்கல் தொங்க, கண்மூடிக் கிடந்தார் கலியமூர்த்தி.

வார்டுக்குள் ஷூ சத்தம். முதலாளி விஜயராகவன், கையில் ஆப்பிள் பையோடு.

அவ்வளவுதான். கலியமூர்த்தி துள்ளி எழப் பார்த்தார். ட்ரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொண்டது. ரத்தம் வழிந்த அந்தக் கை, நேராக நெற்றிக்குப் போனது.

"வணக்கம் சார்... எழுந்திரிக்க முடியல சார். மன்னிச்சுக்குங்க."

"படுய்யா. பாத்து ஏறக் கூடாதா? கெஸ்ட்டோட பெட்டி வேற ஒடஞ்சிபோச்சி."

"லிஃப்டுல ஏற உட்டிருந்தா அவரு ஏன் சார் உழப் போறாரு?" என்றாள் கொளஞ்சி.

"நீங்க வேர்வையோட பக்கத்துல நின்னா எவன் வருவான்? லிஃப்டு வேணும்னா ரூம் போட்டுத் தங்கு."

ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நர்ஸ் வந்து ஊசியை மாற்றினாள். கலியமூர்த்தி மேரியைக் கிட்டே கூப்பிட்டார். வலிக்கிறது என்பார் என்று குனிந்தாள்.

"மேரி... சாருக்குக் கோவமா? எழுந்து நிக்காம இருந்துட்டனே..."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள் மேரி. அவள் மட்டும் என்ன? விருந்தாளி எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். போன ஞாயிறு மாதா கோயிலில், பட்டுப் புடவைக்காரி ஒருத்தி வர, அங்கேயும் சுவரோடு ஒட்டி நின்றாளே!

"அழுவாதக்கா," கொளஞ்சியின் குரலும் உடைந்திருந்தது. "நாளைக்கி நான் அந்தப் படி ஏற மாட்டேன்."

"நானுந்தான்டி."

மறுநாள் காலை. கம்பிக் கதவு போட்ட அந்தப் பழைய லிஃப்டுக்குள் வாளியோடு மேரி, மூட்டையோடு கொளஞ்சி, துடைப்பத்தோடு சின்னப்பாப்பா. கடைசியாகச் சமையல்கார டோனி ஓடிவந்து நுழைந்தான்.

சத்தம் கேட்டு லிஃப்ட் வாசலுக்கு வந்த விஜயராகவனுக்கு முகம் சிவந்தது. "இறங்குங்கடி! டேய் டோனி, அடுப்ப யாருடா பாக்கறது?"

"அணச்சிட்டுத்தான் சார் வந்தேன்."

"எல்லாருக்கும் வேலை போயிடும்!"

"மூணாவது மாடி போவணும் சார்," என்றாள் மேரி. குரல் நடுங்கியது, முகம் திரும்பவில்லை.

அவர் மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு அணைந்தது. லிஃப்ட் அசையவில்லை.

இருட்டில் மேரியின் முதுகு, பழக்கத்தில், சுவரைத் தேடிப் பின்னால் போனது. கொளஞ்சியின் தோள்தான் தட்டுப்பட்டது.

அதில் சாய்ந்து நின்றாள். யாரும் இறங்கவில்லை.