முன்னங்காலுக்குப் பின்னால்

ரகுநாதனின் வளைகுடா கம்பெனி மேனேஜர் யோரன் ஸ்வீடன்காரர். அக்டோபர் வந்தால் லீவு போட்டு ஊருக்குப் பறந்துவிடுவார், மூஸ் வேட்டைக்கு. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். 2006-இல் புறப்படுவதற்கு முன், ஊருக்கு வெளியே தைத் சாலையில் இருந்த ஒரு துப்பாக்கி கிளப்பில் வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி எடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை ரகுநாதனையும் அவன் மனைவி பிருந்தாவையும் உடன் அழைத்துப் போனார்.

பிருந்தா திருச்சியில் படிக்கும்போது என்.சி.சி. அணிக்காக மாநில அளவில் சுட்டவள். வளைகுடாவுக்கு, அல் குசைஸ் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகு துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

காரில் போகும்போது யோரன் போன வருடத்துக் கதையைச் சொன்னார். அவர் சுட்ட மூஸ் விழாமல் காட்டுக்குள் ஓடிவிட்டதாம். நாயை வைத்துத் தேடி மறுநாள் கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்ததாம். குண்டு வயிற்றில் பட்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. தோட்டா சின்னதாக இருந்ததுதான் தப்பு, இந்த முறை பெரிய தோட்டா போடும் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றார்.

கிளப்பில் அவர் வாடகைக்கு எடுத்ததும் பெரியதுதான். மூஸ் படம் ஒட்டிய பலகையைச் சுட்டார். ஓட்டைகள் கழுத்தில், திமிலில், வயிற்றில் என்று சிதறின. பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்ற பிருந்தாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. விசையை அழுத்தும் முன்பே அவர் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டார். உதைக்கும் துப்பாக்கிக்கு உடம்பு முன்கூட்டியே பயந்தது.

மெதுவாகக் கணவனிடம் சொன்னாள்.

"பேசாம இரு பிருந்தா. எனக்கு அப்ரைசல் போடறவர் அவரு."

ஆனால் ஒரு ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்த அந்த மான் மனசை விட்டுப் போகவில்லை. எழுந்துபோய், பயிற்சியைக் கவனித்துக்கொண்டிருந்த கிளப் அதிகாரி உம்மு ஹானியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

உம்மு ஹானி யோரனிடம் வந்து, அடுத்த சுற்றுக்குத் தானே தோட்டா போடுவதாகவும், அதில் சில வெடிக்காத போலித் தோட்டாக்கள் என்றும், எது எதுவென்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். யோரன் ஒப்புக்கொண்டார்.

முதல் தோட்டா வெடித்தது. அடுத்தது வெறும் 'க்ளிக்'. சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் துப்பாக்கியின் முனை மட்டும் சட்டென்று கீழே சரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை என்று அவரே கேட்டார். மறுபடியும் சரிந்தது.

யோரன் பெஞ்சில் உட்கார்ந்தார். ரகுநாதன் தரையைப் பார்த்தான்.

"அப்படியென்றால் போன வருடமும் தோட்டா மேல் தப்பில்லை" என்றார் யோரன்.

"சின்னதே போதும் சார்" என்றாள் பிருந்தா. "முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில் பட்டால் அது ரொம்ப தூரம் ஓடாது. வயிற்றில் பட்டால் எவ்வளவு பெரிய தோட்டாவும் அதைத் துடிக்கத்தான் விடும்."

அவர் கோபப்படவில்லை. கிளப்பிலேயே சிறிய துப்பாக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, பக்கத்தில் நின்று பார்க்கும்படி அவளைக் கேட்டுக்கொண்டார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொன்னாள். அவசரமில்லாமல் விசையைப் பின்னால் இழுக்கச் சொன்னாள். மதியத்துக்குள் ஓட்டைகள் நெஞ்சுப் பக்கம் நெருங்கி வந்தன. கடைசியில் அவளும் படுத்துச் சுட்டாள். தோளில் துப்பாக்கிக் கட்டை பதிந்ததும் கை பழையபடி நிதானத்துக்கு வந்தது. எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

அக்டோபரில் ஸ்வீடனிலிருந்து போன் வந்தது. யோரன் போன வருடத்துத் துப்பாக்கியையே காட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். இரண்டு மூஸ்கள் வந்தனவாம். முதலாவது சரியாகத் திரும்பி நிற்காததால் போக விட்டுவிட்டாராம். இரண்டாவதை ஒரே குண்டில் சுட்டாராம். சில அடி நடந்து, அப்படியே சாய்ந்ததாம். ரகுநாதன் போனை மனைவியிடம் நீட்டினான்.

"உன்கிட்டதான் பேசணுமாம்."

அந்தக் குளிர்காலத்தில் உம்மு ஹானி பெண்களுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கி, கற்றுக்கொடுக்கப் பிருந்தாவைக் கூப்பிட்டார். முதல் நாள் அவளைக் கொண்டுபோய் விட்ட ரகுநாதன், வெளியே காரில் சீட்டைச் சாய்த்துப் படுத்து, வெடிச் சத்தங்களுக்கு நடுவே சுகமாகத் தூங்கிப்போனான்.