நூற்றிருபதுக்கு எண்பது

என் கணவர் சிவசங்கரன் இறந்த பதினேழாம் நாள், விவசாயிகள் சங்கத் தலைவர் ஜெகபர் அலி அண்ணன் என் நோட்டைக் கேட்டு வந்தார். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. ஊர் அதையும் பேசிக்கொண்டிருந்தது, பேசட்டும்.

வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் இரண்டு பேருக்குத்தான் பிரஷர், இப்போது ஐந்து பேருக்கு என்று டாக்டர் மேடம் கூட்டத்தில் சொன்னார். நடவுக்கு மெஷின் வந்துவிட்டது, வரப்புவரை பைக் போகிறது, சாயங்காலமானால் பரோட்டா. உப்பைக் குறையுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னேன். வாய்க்கால் கரையில் பெண்களை நடக்கவும் வைத்தேன். பத்து நாள் நடந்தார்கள். பிறகு சீரியல் நேரம் மாறிவிட்டது.

எரிவாயுக் குழாய் பதிக்க எங்கள் சம்பா வயலில் பொக்லைன் இறங்கியபோது, அதன் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மறுநாளே எல்லாக் கட்சிக்காரர்களும் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் வயலுக்கு வரவில்லை.

"தங்கச்சி, ஒங்க நோட்டுதான் இப்ப சாட்சி," என்றார் அண்ணன். "மாசாமாசம் நூத்தி இருவதுக்கு எம்பதுன்னு எழுதியிருக்கீங்களாம்ல. நோய்நொடி இல்லாத மனுசன், குழாய்க்காரன் பண்ண அநியாயத்துலதான் போனாருன்னு கோர்ட்ல சொல்லலாம். குழாய் வேலைய நிறுத்திப்புடலாம்."

நோட்டை எடுத்து வந்தேன்.

"அண்ணே, இது பொய்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவரு கையில ஒரு தடவகூட பிரஷர் பட்டைய சுத்தல. ஊரெல்லாம் பாத்துட்டு வருவேன். கைய நீட்டுங்கன்னா, மொதல்ல சோத்தப் போடும்பாரு. நானா எழுதிக்குவேன்."

சொல்லும்போதும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இது நமக்குள்ளயே இருக்கட்டும். ஏழு ஊரு நெலம், தங்கச்சி," என்றார்.

என் நிலமும்தான். கொடுத்துவிடலாம் என்றுதான் நோட்டை நீட்டினேன். விரித்திருந்த என் கணவரின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அண்ணனின் பெயர் இருந்தது. அவரும் சங்க வேலையாக ஓடிக்கொண்டே, "போன மாசம் போட்டதையே போடுங்க" என்பார். போட்டிருந்தேன்.

"கையக் குடுங்கண்ணே."

"இப்ப எதுக்கு?"

"குடுங்க."

பட்டையைச் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். குறையவில்லை.

அண்ணனுடைய பன்னிரண்டு மாத நல்ல எண்களுக்குக் கீழே அதை எழுதினேன். மேலே எழுதியதெல்லாம் பொய் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்; இனி எந்த வக்கீலும் இந்த நோட்டைத் தொடமாட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க," என்றார். குரல் உயரவில்லை.

"மாத்திரை போடணும்ண்ணே. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவர் எழுந்திருக்கவில்லை. பட்டை சுற்றியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"சிவசங்கரனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?"

"தெரியாதுண்ணே," என்றேன். "நான் பாக்கலையே."