ஒரு நிமிஷம் பிந்தி வரும் சனிக்கிழமை

1

இந்தக் கதை பக்கத்து வீட்டுக் கூச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணியான நாரைகள் எதிராளியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்; பந்தோடு அதைத் தாண்டினால் புள்ளி. என் திரையில் பந்து இன்னும் தரையில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குத் தெரிந்துவிட்டது, கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கழித்து என் திரையிலும் தாண்டினார்கள். ஆறிப்போன காப்பியைக் குடிக்கிற மாதிரி அதைப் பார்த்து முடித்தேன்.

அலபாமாவின் இந்த ஊருக்கு நான் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போதெல்லாம் நாரைகள் ஜெயித்தால் தெருவே ஒரே மூச்சில் கத்தும். ஒரே அலைவரிசை, ஒரே நொடி. இப்போது இணையத்தில் சந்தா கட்டினால்தான் ஆட்டம். ஒரு வாரம் ஒரு செயலி, மறு வாரம் இன்னொன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் படம் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேருகிறது. கூச்சலும் தவணை முறையில் வருகிறது. முதலில் மூலை வீடு, அப்புறம் பக்கத்து வீடு, கடைசியில் நான். சந்தோஷப்படுவதற்குக்கூட வரிசையில் நிற்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் அலுக்காது?

[இது அமெரிக்கக் கால்பந்து. கால்பந்து என்று பெயர், ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். காலுக்கு வேலை கடைசி நேரத்தில் வரும். இந்தக் கதையிலும் அப்படித்தான்.]

2

இந்தக் கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

"அக்டோபர் வெயில் ஒலீட்டாவின் வரவேற்பறைக் கம்பளத்தின் மேல்" — வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளைப் படித்து எனக்கே கண் கூசுகிறது.

"ஹார்லன் டிட்மோரும் ஒலீட்டாவும் விவாகரத்து செய்துகொண்டதற்குக் காரணம்" — இதையும் நிறுத்திவிட்டேன். காரணம் எனக்குத் தெரியாது. அவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், இரண்டுமே உண்மையாக இருக்கும்.

[இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மரியாதைக்கு இருவருக்கும் 'அவர்' போட வேண்டும். போட்டால் எவர் எவரென்று நீங்கள் குழம்புவீர்கள். அவன், அவள் என்றே எழுதுகிறேன். மன்னிக்க வேண்டியது நீங்களல்ல, அவர்கள்.]

மூன்றாவது தொடக்கம் நின்றது. இதோ:

விவாகரத்து பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை கையெழுத்தானது. வெள்ளிக்கிழமை இரவு ஒலீட்டா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வர்ற?"

"எங்க வர்றது? நமக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சே, ஒலீட்டா."

"உனக்கும் எனக்கும்தான்யா முடிஞ்சிச்சு. நாரைங்க உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? போன வாரம் நீ அந்த மரநாற்காலியில உக்காந்திருந்தே, ஜெயிச்சோம். நீ வராம தோத்தா ஊரே என்னைத்தான் திட்டும். ஒழுங்கா வந்து உக்காரு."

ஹார்லன் போய் உட்கார்ந்தான். எங்கள் ஊரில் இதை யாரும் வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயித்தால் ஒன்றையும் மாற்றக்கூடாது; சட்டை, நாற்காலி, அவித்த கடலை இருக்கும் கிண்ணம்வரை. தோற்றால் ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். நாரைகள் நிறையத் தோற்றவர்கள். எத்தனையோ சட்டைகள் மாறின, கிண்ணங்கள் மாறின, கடலையில் காரம் கூடிற்று, குறைந்தது. ஆளை மட்டும் இருவரும் மாற்றவில்லை.

3

ஒலீட்டாவுக்குக் கண் போகத் தொடங்கியது நாலைந்து வருஷத்துக்கு முன்னால். முழுக்கப் போகவில்லை. நடுப்பார்வை போய்விட்டது, ஓரம் இருக்கிறது. நேராகப் பார்த்தால் எதிரே இருப்பவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. அந்த முகம் வேண்டுமென்றால் அவள் தலையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கடையில் புதிதாக வேலைக்கு வந்த பெண்கள், கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே, இவ்வளவு திமிரா என்று நினைப்பார்கள். அப்போதுதான் அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆட்டம் பார்க்க அவளுக்கு வானொலி போதும். இங்கே பாதிப் பேர் அப்படித்தான்: தொலைக்காட்சியின் வாயை அடைத்துவிட்டு, படத்துக்கு நம்மூர் வானொலியை வைத்துக் கேட்பார்கள். தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் எங்கிருந்தோ வந்து நம் பையன்களின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். வானொலியில் பேசும் பக் லாசிட்டர் நம்மோடு சேர்ந்து அழுகிற மனுஷன். பக் ஆட்டத்தைச் சொல்வான், பக் சொல்லாமல் விட்டதை ஹார்லன் சொல்வான். இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் ஆட்டங்கள் செயலிக்குப் போயின. ஹூஸ்டனில் இருக்கும் மகள் ஷெல்பி தன் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். முதல் சனிக்கிழமை ஹார்லன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பையன்கள் இன்னும் வட்டமாக நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். ஒலீட்டா கடலைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு எழுந்து கத்துகிறாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"கோட்டைத் தாண்டிட்டான்யா! நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே?"

"இன்னும் பந்தையே எடுக்கல!"

"பக் சொல்லிட்டான்."

வானொலி காற்றில் நேராக வருகிறது. படம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வருகிறது. கண் தெரியாதவளுக்கு எல்லாம் முதலில் தெரிந்தது, கண் உள்ளவன் பின்னால் ஓடி வந்தான். அரை ஆட்டம்வரை ஹார்லன் பொறுத்தான்.

"எல்லாத்தையும் அவனே சொல்லிட்டா, நான் எதுக்கு இங்க? கடலைத் தோல் பொறுக்கவா?"

ஒலீட்டா கை நீட்டி வானொலியை அணைத்தாள்.

"சரி, நீயே சொல்லு."

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "அடிச்சான். விழுந்தான். ஐயோ." அவ்வளவுதான் வந்தது. ஒலீட்டா, "யாரு அடிச்சா, எவன் விழுந்தான், அதச் சொல்லுய்யா புண்ணியவானே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாரங்கள் போகப் போக வாய் பழகிற்று. பயிற்சியாளர் தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றி வீசியதை, தள்ளாத வயசு நடுவர் ஓட முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டதை, பார்வையாளர் வரிசையில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் சொன்னான். அவள் சிரித்தாள். கல்யாணமாகி இருந்த காலத்தில் அவன் பேச்சுக்கு அவள் அவ்வளவு சிரித்ததில்லை. அவனுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் பிரதியில் ஒலீட்டா பாவப்பட்டவளாக வந்தாள். கண் தெரியாத கிழவி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சொல்வதை அப்படியே நம்பி… அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். விவாகரத்தான மறுநாள் கூப்பிட்டு "ஒழுங்கா வந்து உக்காரு" என்றவள் அப்படி இருக்க மாட்டாள்.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது: அவள் காதில் வானொலி இருக்கிறது. முதல் வாரத்தைத் தவிர எல்லா வாரமும் இருந்திருக்கிறது. பழைய சிறு வானொலி ஒன்று கம்பளிச் சட்டையின் பையில். அதன் மெல்லிய கறுப்பு இயர்போன் கம்பி நரைத்த தலைமுடிக்குள் ஏறி, ஹார்லன் உட்காராத பக்கத்துக் காதில். பக் சொன்னதை எல்லாம் அவள் முன்னாலேயே கேட்டுவிடுகிறாள். பிறகு ஒரு நிமிஷம் காத்திருந்து, "அப்புறம்?" என்று ஹார்லனைக் கேட்கிறாள்.

ஏன்? அவன் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக என்று எழுதினால் கதைக்கு அழகு. ஆனால் பக்கின் குரல் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். மனுஷிதானே, இரண்டும் வேண்டுமென்று நினைத்திருப்பாள்.

[ஒலீட்டா ஏன் தமிழ்நாட்டுக்காரி மாதிரி பேசுகிறாள் என்று ஒருவர் கேட்டார். என் காதில் அப்படித்தான் விழுகிறது ஐயா, நான் என்ன செய்ய?]

5

அக்டோபர் கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. எதிராளி மலைப்பக்கத்துக் கல்லூரி.

ஹார்லன் அன்று ஒரு முடிவோடு வந்தான். ஹூஸ்டனில் ஷெல்பி பின்னறையைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாள். "அப்பா, தனியா ஏன் கெடந்து சாகுறீங்க? ஆட்டத்த இங்க என்னோட டிவியிலயே பாத்துக்கலாம்" என்கிறாள். அது நியாயம்தானே? எங்கிருந்தாலும் பார்க்கலாம் என்றான பிறகு, இந்த மரநாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று என்ன இருக்கிறது? முழங்கால் வலிக்கிறது, வீட்டில் தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துவிட்டது. ஒலீட்டாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் நாரைகளின் தலையில் போட்டான். ஜெயித்தால் எதையும் மாற்றக்கூடாது, வாயை மூடிக்கொண்டு அடுத்த வாரமும் வர வேண்டியதுதான். தோற்றால் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். இந்தத் தடவை மாறப்போவது அவன்தான்.

ஆட்டம் தொடங்கும்போதே ஒலீட்டா கேட்டாள்.

"இன்னிக்குத் தோத்தா எதை மாத்துறதாம்?"

"அப்புறம் பாக்கலாம்."

"கடலையை மாத்த முடியாது, சொல்லிட்டேன். நல்லா வெந்திருக்கு."

ஷெல்பி அவளுக்கும் மகள்தான். அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருப்பாளா? இருந்திருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாரைகள் ஒரு புள்ளி பின்னால். கடைசி நொடிகள். பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஜெயம். மலைக்காரர்கள் இடைவேளை கேட்டார்கள், திரையில் விளம்பரம் ஓடிற்று. ஹார்லன் எழுந்து அவள் கோப்பையில் இனிப்புத் தேநீர் ஊற்ற அந்தப் பக்கம் போனான். அப்போதுதான் கம்பியைப் பார்த்தான்.

ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இத்தனை வாரம். பயிற்சியாளர் வீசிய காதுக்கருவி, இடுப்பைப் பிடித்த நடுவர், எல்லாவற்றுக்கும் அவள் கேட்ட "அப்புறம்?" அவனுக்குக் காது சுட்டது. சின்னப்பிள்ளை பாட்டு ஒப்பிக்கும்போது பெரியவர்கள் கைதட்டுவார்களே, அப்படித் தட்டியிருக்கிறாள். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, அதற்கு அவனிடம் பெயரில்லை. தேநீரை ஊற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

விளம்பரம் முடிந்தது. திரையில் உதைக்கிற பையன் இன்னும் மைதானத்துக்குள் வரவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கடலை ஒலீட்டாவின் விரல்களில் நின்றது. பக் சொல்லிவிட்டான்.

ஹார்லன் அவள் முகத்தைப் பார்த்தான். சீட்டாட்டத்தில் ஊரையே ஏமாற்றிய முகம் அது. ஒன்றும் தெரியவில்லை.

"என்ன நடக்குது?" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் நடக்கல."

"சரி. நடக்கட்டும்."

அவன் சொல்ல ஆரம்பித்தான். பையன் வருகிறான். ரொம்பச் சின்னவன், மீசைகூட முளைக்கவில்லை. கையை ஊதிக்கொள்கிறான். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுகிறான். நாடாவை அவன் கட்டவே இல்லை, அது ஹார்லனின் சொந்தச் சரக்கு. அந்த ஒரு நிமிஷத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தான்.

6

முடிவுகள்.

ஒன்று: பந்து காற்றில் இருக்கும்போது திரை உறைந்துபோய், நடுவில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது. நம்ப முடியாததல்ல, வாராவாரம் நடப்பதுதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபின் இதை எழுதினால் நீங்கள் அடிக்க வருவீர்கள்.

இரண்டு: பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுகிறது. ஜெயம், கட்டிப்பிடித்தல், ஹூஸ்டன் ரத்து. எழுதிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. அவர்களுக்காக அந்தப் பொடியனா முடிவு செய்வது?

மூன்று: ஹார்லன் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்து

இல்லை. அவன் அப்படிப்பட்டவனல்ல.

7

நடந்தது இதுதான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. நாரைகள் தோற்றுவிட்டார்கள். ஹார்லன் பார்த்துவிட்டான். ஒலீட்டாவுக்கு ஒரு நிமிஷத்துக்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

உள்ளே விழுந்தது என்று அவன் சொல்லலாம். அந்தப் பொய்யை நம்ப அறையில் ஆளில்லை. ஆனாலும் ஜெயித்தோம் என்று அவன் வாயால் சொல்லிவிட்டால், அடுத்த சனிக்கிழமை வந்து இதே நாற்காலியில் உட்கார வேண்டும். அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். வெளியே போனது என்று சொன்னால் அது உண்மை. ஹூஸ்டனில் அறை தயாராக இருக்கிறது.

இந்தக் கதையில் இதுவரை நான் வானொலி, நீங்கள் திரை. எனக்குத் தெரிந்தது எல்லாம் கொஞ்சம் பிந்தி உங்களுக்கு வந்தது. இப்போது எனக்கும் உங்களுக்கும் தெரிந்தது ஒன்றேதான். இதற்கு மேல் என்னால் முடியவில்லை, எழுந்து போகிறேன். அந்த மரநாற்காலி காலியாக இருக்கக்கூடாது. நீங்கள் உட்காருங்கள்.

"உதைச்சானா? என்னாச்சு, சொல்லு" என்கிறாள் ஒலீட்டா.

சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறாள்.