வரதன் வீட்டு லேகியம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. காதில் விழுந்தது. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் போகிற ஷேர் ஆட்டோவில் என்னோடு நசுங்கி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தது இது:

"மாத்திரைய நுணுக்கி லேகியத்துல கலந்துதான் அவருக்குக் குடுத்துகினு கீறேன். அவரு இன்னாடான்னா, லேகியத்தாலதான் பொழச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு. இப்ப கீழ் வூட்டுப் பொண்ணு மாத்திரைய வுட்டுட்டு அதே லேகியத்த வாங்கித் துன்னுது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

மறுமுனை என்ன சொன்னதோ. டோல்கேட் வந்தது, அந்தம்மா இறங்கிப் போய்விட்டது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வேலையாக அந்தம்மாவின் வீட்டை மாற்றினேன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் குடிவைத்தேன். அந்தம்மாவுக்குப் பட்டம்மாள் என்று பெயர் வைத்தேன். புருஷன் வரதன். கீழ் வீட்டுப் பெண் செங்கொடி. நாளைக்கு அந்தம்மாவே இதைப் படித்தாலும் என்னோடு சண்டைக்கு வர வழியில்லை.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போனது.

"வரதன் இருமினான்." அடித்துவிட்டேன். டிபி கதை என்றாலே முதல் வரியில் ஒருவனை இருமவிடுவது சோம்பேறித்தனம். இந்தக் கதையில் யாரையும் இருமவிடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

"நம் நாட்டில் ஆண்டுதோறும் காசநோயால்" — இதையும் பாதியிலேயே விட்டேன். அது ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்க வேண்டியது.

"வரதன் மாத்திரையை மோந்து பார்த்தான்." இது இருக்கட்டும்.

ஏன் மோந்தான் என்றால், எண்ணூர் பக்கம் ஒரு கெமிக்கல் கிடங்கில் மூட்டை தூக்கினவன் அவன். மருந்து கம்பெனிகளுக்குப் போகிற சரக்கு. மூட்டை கிழிந்தால் பொடி பறக்கும், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அள்ளிப் போட வேண்டும். எந்த மூட்டையில் எது என்று பெயர் தெரியாது, வாசனையை வைத்துச் சொல்லிவிடுவான். சோற்றைக்கூட மோந்து பார்த்துத்தான் வாயில் வைப்பான். நெஞ்சு கெட்டது அந்தக் கிடங்கில்தான் என்பது அவன் கட்சி.

"இத்தத்தான்மே நான் முதுவுல தூக்கினேன்," என்றான் பட்டம்மாவிடம். "நெஞ்ச கெடுத்தவனே மாத்திரையும் பண்ணிக் குடுக்கறான். அத்த நான் முழுங்கணுமா?"

இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள் பார்ப்போம். (அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. முழுப் பொய்யோடு மல்லுக்கட்டலாம், பாதி நியாயத்தோடு வாதாடுவதுதான் பேஜாரு.)

ஆனாலும் பெண்டாட்டி கெஞ்சினாள் என்று கொஞ்ச நாள் முழுங்கினான். வாந்தி வந்தது, முட்டி வலித்தது. ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போனது. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் கேட்டான். "அப்படித்தான் போகும்," என்றார் டாக்டர், நிமிர்ந்து பார்க்காமல். சரியான பதில்தான், அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும். ஆனால் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லாத பதில் வரதனிடம் ஒட்டவில்லை. "என் ரத்தத்தக் கரைச்சி வெளிய வுடுதுமே அது," என்று மறுநாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கல்மண்டபம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் சுயம்பு அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் சங்கிலி, வாயெல்லாம் பொய் என்று எழுதிவைத்திருந்தேன்.

ஆள் ஒத்துழைக்கவே இல்லை. பட்டம்மா போய் நின்றதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆடாதோடை லேகியம் தாரேன்மா. நெஞ்சுக்கு எதமா இருக்கும். ஆனா ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திராதீக. அது வேற, இது வேற. கேட்டீகளா?"

பட்டம்மா கேட்டுக்கொண்டாள். (வில்லன் போனான். அவர் நெற்றித் திருநீற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

4

மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற சுகாதாரப் பணியாளர் மகிமா. "ஒழுங்கா முழுங்கறாரா?" என்று கேட்பாள். "முழுங்கறாரு," என்பாள் பட்டம்மா. "அந்த மாத்திரைய இன்னா பண்ண?" என்று வரதன் கேட்டபோது, "அந்தப் பொண்ணாண்டயே திருப்பிக் குடுத்துட்டேன்," என்றாள். ஒரே நாக்கு, ரெண்டு பொய். ராத்திரி தூக்கம் வந்ததா என்றால் நன்றாகவே வந்தது. புருஷன் உயிரோடு இருக்க வேண்டும், அவளுக்கு வேறு கணக்கு இல்லை.

விடியற்காலையில் இஞ்சி இடிக்கிற சாக்கில் சின்ன உரலில் மாத்திரையை நுணுக்குவாள். லேகியத்தோடு பனைவெல்லம் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடிப்பாள். "வெறும் வயித்துல துன்னணும்னு அண்ணாச்சி சொன்னாரு." என்பாள். உண்மையில் அப்படிச் சொன்னது மகிமா. வரதன் வாயைத் திறப்பான், அவள் ஊட்டுவாள்.

[மாத்திரையை இப்படிப் பொடிக்கலாமா என்று ஒரு மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "யார் பொடிச்சது?" என்றார். கதையில், என்றேன். "கதையிலயும் பொடிக்காதீங்க சார். முழுசாத்தான் முழுங்கணும்," என்றார்.]

ஆரஞ்சு திரும்பி வந்தது. குட்டு உடைந்தது என்றே பட்டம்மா நினைத்தாள். வரதனோ சிரித்துக்கொண்டே வந்தான். "பாத்தியாமே. உள்ள இருந்த கெமிக்கல் எல்லாம் கரைஞ்சி வெளிய போவுது. லேகியம்னா லேகியம்."

அதே நிறம், அதே மாத்திரை. முன்னே ரத்தம் கரைந்தது, இப்போது விஷம் கரைகிறது.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சோற்றையே மோந்து பார்க்கிறவன் அந்த உருண்டையை ஏன் — இருக்கட்டும், பிறகு வருகிறேன்.]

உடம்பு தேறியது. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினான். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரைதான் வேலை செய்தது என்று மகிமாவுக்குச் சந்தோஷம், லேகியம்தான் என்று வரதனுக்குச் சந்தோஷம். மாடிப்படி வளைவில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லேகியத்தின் பெருமையைச் சொன்னான். கல்மண்டபத்தில் லேகியம் சீக்கிரம் தீர்ந்துபோக ஆரம்பித்தது. "இதுக்கு இம்புட்டு சக்தியாம்மா? செய்யுத எனக்கே தெரியாதே," என்றார் சுயம்பு.

5

செங்கொடிக்கும் அதே வியாதி, அதே மாத்திரை, அதே வாந்தி. புருஷனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு ஒரு தபா வருவான். மடியில் கைக்குழந்தை. தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கு கெமிக்கல் போய்விடுமோ என்று ஒரு பயம் வேறு. அப்படி ஒன்றும் ஆகாது, தாராளமாகப் பால் கொடு என்று மகிமா சொல்லியிருந்தாள். மகிமா மாதம் ஒருமுறை வருகிறவள். வரதன் தினமும் படியில் உட்கார்ந்திருக்கிறவன்.

"மாமா, மெய்யாலுமே லேகியம்தானா?" என்று கேட்டாள்.

"என்னப் பாரு," என்றான் வரதன். "நான்தான் சாட்சி."

மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதைச் சந்தோஷமாக வந்து பட்டம்மாவிடமும் சொன்னாள். செங்கொடி வாங்குகிற லேகியத்தில் லேகியம் மட்டும்தான் இருக்கிறது.

"அவரு உடம்பு வேற, உன் உடம்பு வேற. நீ மாத்திரைய போடு செங்கொடி, சொன்னா கேளு."

"உன் வூட்டுக்காரரு மட்டும் நல்ல மருந்து துன்னுட்டு பொழைக்கணும், நாங்க கெமிக்கல் துன்னணுமாக்கா?"

உண்மையைச் சொன்னால் இவள் பிழைப்பாள். வரதன் காதுக்குப் போய்விட்டால் அவன் நிறுத்திவிடுவான், இன்னும் பாதி வைத்தியம் பாக்கி. செங்கொடி மாத்திரையை விட்டதை மகிமாவிடம் சொன்னாலும் அவள் வரதனைத்தான் வந்து விசாரிப்பாள், அதே கதைதான். செங்கொடியின் கன்னம் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

6

முடிவுகள்.

அ. பட்டம்மா வரதனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் லேகிய பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான், அன்றோடு மருந்து நிற்கிறது. அதற்கப்புறம் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். எழுதக் கை வரவில்லை.

ஆ. செங்கொடியின் மாத்திரையையும் பட்டம்மாவே வாங்கி நுணுக்குகிறாள். பிறகு பக்கத்து பிளாக்கிலிருந்து ஒருவர், எதிர் வரிசையிலிருந்து ஒருவர். ஏரியாவே லேகியத்தில் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறது, சுயம்புவுக்குச் சால்வை போர்த்துகிறார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு. ஒரு நாள் பட்டம்மாவுக்குக் காய்ச்சல், உரல் சும்மா கிடக்கிறது, அத்தனை பேருக்கும் மருந்து நின்றுபோகிறது. சிரிப்பும் நின்றுபோனது.

இ. சாலையைக் கடக்கும்போது லாரி மோதி வரதன் சாகிறான், உண்மையைச் சொல்ல இனித் தடையில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு லாரி ஒரு பெரிய வசதி. வேண்டாம்.

7

ஆகவே, காலை. மாடிப்படி வளைவு. மேல் படியில் வரதன், கீழ் படியில் செங்கொடி, அவள் மடியில் பிள்ளை. "ஆரம்பத்துல இளைக்கத்தான் செய்யும், லேகியத்த மட்டும் வுட்றாத," என்று வரதன் சொல்லிக்கொண்டிருக்கிறான். மேலே கதவோரம் நின்று அதைக் கேட்ட பட்டம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அவள் உரலை எடுக்கவில்லை. மாத்திரை அட்டையோடு இறங்கிவந்து, இருவருக்கும் நடுவில் நின்று, மாத்திரைகளைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறாள்.

"முழுங்கு. இங்கியே. அவ பாக்கட்டும்."

வரதன் சொல்ல வேண்டிய வசனத்தை நான் தயாராக வைத்திருந்தேன்: "இது இன்னாமே?"

அவன் கேட்கவில்லை. மாத்திரையைப் பார்க்கிறான். எதையும் மூக்கருகே கொண்டுபோகிறவன் இதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும். முதல் உருண்டையிலேயே வாசனை பிடித்திருக்கிறான். இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது, பட்டம்மாவுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

"தெரிஞ்சுதான் துன்னியா?"

அவன் தலை குனிகிறான். "லேகியம்னு சொல்லிகினாத்தான்மே என்னால முழுங்க முடிஞ்சுது."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வருகின்றன அவளுக்கு. இத்தனை நாளும் அவன் ஏமாறவில்லை, அவள் கைக்காக வாயைத் திறந்திருக்கிறான். அதற்காக அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. செவுளில் ஒன்று விடலாம் போலவும் இருக்கிறது.

"உனக்கு நான் கீறேன், இடிச்சிப் போட்டேன். அவ வூட்ல யாருய்யா கீறாங்க?"

செங்கொடி ஒன்றும் புரியாமல் இவளைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள். அவளுக்கு விளக்கிச் சொல்லிப் பயனில்லை, சொல்லிப் பார்த்தாகிவிட்டது. வரதன் அதை எடுத்து வாயில் போட்டால் மட்டும் நம்புவாள். அப்படிப் போட்டால், இத்தனை நாளாகப் படியில் உட்கார்ந்து அவன் கொடுத்த சாட்சியெல்லாம் பொய்யாகிவிடும்.

பட்டம்மாவின் கை நீட்டியபடியே இருக்கிறது. இங்கேதான் நான் எழுந்துகொள்கிறேன். அவனை முழுங்கவைத்தால் இது சுகாதாரத் துறை விளம்பரம், கையைத் தட்டிவிட வைத்தால் நான் கல்நெஞ்சக்காரன். "நான் இன்னா பண்ணட்டும்" என்று ஆட்டோவில் அந்தம்மா கேட்டது என்னிடம் இல்லை, ஆனால் என் காதில் விழுந்துவிட்டது. இப்போது உங்கள் காதிலும் விழுந்துவிட்டது. வரதன் என்ன செய்கிறான் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

ஆற அமர யோசித்துச் சொல்லுங்கள் என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். யாரையும் இருமவிடுவதில்லை என்றும் நினைத்திருந்தேன்.

செங்கொடி இருமுகிறாள். மடியில் பிள்ளை இருக்கிறது.