தட்டுக்கு அடியில் ஒரு துணி

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சீமையில் ஹாஸல்ரோடெ மாதிரி பிடிவாதக்கார ஊரைப் பார்க்க முடியாது. சுரங்கத்தை மூடி இருபது வருடமாகியும், அடியில் தோண்டிய பள்ளத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ரோஸ்வித்தாவின் வீடு சமையலறை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தத் தெருவுக்கு அடியில் கரி வெட்டியவர்களில் அவள் புருஷன் ஏவால்டும் ஒருவர்.

வீட்டை விற்றால்தான் அவள் கடலோர ஊரில் தங்கைக்குப் பக்கத்தில் போய்க் குடியிருக்க முடியும். வாங்க வந்தவர்களெல்லாம் சாய்வைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டார்கள். இன்றைக்கு வருகிற ஹார்ம்சன் வெளியூர் வாத்தியார், விவரம் தெரியாதவர். ரோஸ்வித்தா விடிந்ததிலிருந்து விரிசல்களில் காகிதம் ஒட்டினாள், கூடத்தில் கம்பளம் விரித்தாள், மேஜைக்கும் அலமாரிக்கும் கட்டை கொடுத்து மட்டமாக்கினாள். ஏமாற்று வேலைதான். வேறு என்ன செய்வாள், பாவம்!

ஏவால்ட் எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்பதுதான் அவள் பயம்.

"நீ வாயைத் தொறந்த, அவ்வளவுதான்."

"நான் ஏன்டி தொறக்கறேன்? கேக்கைக் குடு, அதுக்கு மட்டும் தொறக்கறேன்."

ஹார்ம்சன் வந்தார். மாடியைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். முடிச்சுக்கலாங்க" என்றபடி சமையலறை மேஜை முன் உட்கார்ந்தார். ஏவால்ட் மூச்சு விடவில்லை. ரோஸ்வித்தாவுக்குக் கடல் காற்றே அடிப்பதுபோல் இருந்தது. காபியை அரைக் கோப்பை ஊற்றினாள். பிளம் கேக் தட்டை வைத்து, துணியை மடித்து, ஜன்னல் பக்கத்து ஓரத்துக்கு அடியில் செருகினாள். தட்டு ஒருக்களித்து நின்றது.

"எதுக்குங்க தட்டுக்கு அடியில துணி?"

அவள் கை அப்படியே நின்றது. சாய்ந்த மேஜையில் தட்டு வழுக்காமல் துணி, காபி சிந்தாமல் அரைக் கோப்பை என்று வருடக்கணக்கில் செய்த பழக்கம். மேஜையை மட்டமாக்கியது அவளுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

"சும்மா... பழக்கங்க."

ஹார்ம்சன் துணியைப் பார்த்தார், அரைக் கோப்பையைப் பார்த்தார். கோப்பையை வெறுந்தரையில் வைத்துக் குனிந்தார். காபி ஜன்னல் பக்கமாக ஏறி நின்றது.

"கேக் பிரமாதங்க," என்றார், தொடாமலே. கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏவால்ட் கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி சொன்னார். "நான் வாயே தொறக்கல, பாத்தியா?"

ரோஸ்வித்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் உளறிக் கெடுத்திருந்தால், இந்த வீட்டில் கிடந்து சாகும் வரை அவரைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.