பீலியில் கலந்த கரண்டு

பள்ளத்தாக்கில் புதிதாகக் கட்டிய மின்நிலையத்தில் முந்தின நாள் ஏதோ வெடித்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். மற்றதெல்லாம் அவரவர் வாய்க்கு வந்தது. மிஷின் உருகிவிட்டதாம். கரண்டு மண்ணுக்குள் ஓடுகிறதாம். கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் வந்த யாரோ, ஆற்றில் மீன் செத்து மிதப்பதைக் கண்டார்களாம். விடிவதற்குள் அந்தக் கரண்டு மலையேறி, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கும் வந்துவிட்டது. ஒரு விளக்குகூட எரியாத தொழிலாளர் லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்த அழகு இது.

காளியாயியின் மகன் அழகனுக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், நாக்கு வறண்டு கிடந்தான். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போனபோது, பெண்கள் பீலியை மறித்து நின்றார்கள்.

"காய்ச்சிக் குடுக்குறேன் அக்கா" என்று கெஞ்சினாள்.

"காய்ச்சினா கரண்டு செத்துருமா?" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி. "தொரையே சோடாதான் குடிக்கிறாராம். செல்லசாமி சொன்னாரு."

தோட்டத் துரையின் பங்களாச் சமையற்காரன் செல்லசாமி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. துரை தொப்பியை எடுத்தால் மழை வருமென்று, தலையில் போர்த்தும் கொங்காணியைத் தேடுகிற தோட்டம் அது. துரை என்றைக்குத் தண்ணீர் குடித்தார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

காளியாயி பங்களாவின் பின்வாசலுக்கு ஓடினாள்.

"ஒரு சோடா குடுங்கண்ணே. புள்ள செத்துரும்."

"எம் பொழப்பு போயிரும் தாயி" என்றான் செல்லசாமி.

வாசலில் துரையின் நாய் சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"நாய்க்கு என்ன தண்ணி?"

"நம்ம ஊத்துத் தண்ணிதான். காலையிலேயே ரெண்டு சட்டி குடிச்சிருச்சு..." சொல்லிவிட்டு, வாலாட்டிக்கொண்டு நக்கும் நாயைக் குனிந்து பார்த்தான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திரும்ப ஓடிவந்து, பெண்களை இடித்துத் தள்ளி, பிள்ளையைக் கல்லில் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பயம் இல்லாமல் இல்லை. ராக்காயி "அடிப்பாவி!" என்று கத்தினாள். ஆனால் இழுக்க வரவில்லை. எல்லாரும் காளியாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. அவள் பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அழகன் விழுங்கினான், இன்னும் கேட்டு வாயைத் திறந்தான்.

ராக்காயி தன் குடத்தைப் பீலிக்கடியில் தள்ளினாள். "கொஞ்சம் தள்ளிக்க தங்கச்சி."

காளியாயி நகரவில்லை. "நான் விழுந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

ராக்காயி குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வெறுங்குடத்தோட வீட்டுக்குப் போயிருப்போம்."