ஐம்பத்திரண்டு வயது ஆண், பீடிப் பழக்கம் உண்டு

அண்ணா நகரில் இருக்கும் அந்தப் பயிற்சி நிலையத்தில் சேருகிற ஒவ்வொருவருக்கும் புத்தகப் பையோடு ஒரு நோயாளியையும் கொடுத்து அனுப்புவார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்கள் இங்கே ஊசி பிடிப்பதற்கு முன் ஒரு தேர்வில் தேற வேண்டும். அதில் அந்த நோயாளியைப் பற்றி ஒரு வினா நிச்சயம் வரும். தமயந்திக்குக் கிடைத்தவர் ஐம்பத்திரண்டு வயது ஆண், பீடிப் பழக்கம் உண்டு.

பெயர் கிடையாது. வினாவில் இல்லாத எதுவும் அவரிடம் இல்லை. மார்பில் துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு வலி, அது முதுகுக்குப் போகிறது, இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறு வேறு. அவ்வளவுதான் அவருடைய சொத்து. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்பார். அப்படித்தான் அச்சாகியிருந்தது. சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடும். அது மட்டும் அச்சில் இல்லை.

தன் வாடகை அறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள் தமயந்தி. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அவள் பென்சிலை எடுப்பாள். அடுத்துச் செய்ய வேண்டியது எது? இரத்த அழுத்தத்தை இறக்கிவிட்டு அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் 'ஆ'வைக் குறித்தால் பிழைத்துக்கொண்டு காபி கேட்பார். மாரடைப்பு என்று நினைத்து இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடும் 'இ'யைக் குறித்தால், ஏற்கெனவே கிழிந்திருக்கிற இரத்தக்குழாய் கொட்டித் தீர்த்து, உட்கார்ந்தபடியே செத்துப்போவார். பயிற்சியில் செத்தால் பாதகமில்லை. சற்று நேரத்தில் எழுந்து, அப்போதும் காபிதான் கேட்பார். தேர்வில் செத்தால் மட்டும் செத்ததுதான்.

விடைக்குறிப்பில் 'இ' என்று போட்டிருந்தது.

யாரோ எப்போதோ அச்சில் விட்ட பிழை. தேர்வு வைக்கிறவர்களும் வினாவையும் விடையையும் இந்தப் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொண்டதால், பிழை பதவி உயர்வு பெற்றுவிட்டது. தமயந்தி தடித்தடியான பாடநூல்களைச் சுமந்துகொண்டு நிலையத்தின் தலைவர் நாகசுந்தரத்திடம் போனாள். நல்ல மனிதர். முழுக்கப் படித்துப் பார்த்து, அவள் சொல்வதுதான் சரி என்று உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் விடையைத் திருத்தினால் இதுவரை தேறியவர்கள் பலருக்கு ஒரு மதிப்பெண் குறையும், குறைந்தால் தோற்றவர்களாகிவிடுவார்கள், அப்புறம் பல ஊர்களில் டாக்டரே இருக்கமாட்டார், மக்கள் என்ன செய்வார்கள் என்று கவலைப்பட்டார்.

"பாடநூல் வைத்தியம் பாக்குறதுக்கும்மா. விடைக்குறிப்பு பாஸ் பண்றதுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

அவர் தலைக்கு மேல் தேறியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. சில படங்களுக்குக் கீழே, மாலை போட்ட ஐம்பத்திரண்டு வயது ஆண்கள். ஊதுபத்தி நல்ல ரகம்தான், வாசனை வாசல்வரை வந்தது.

தமயந்தி முன்பு வேறு இடங்களில் படித்து எழுதி, ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள். இது அவளுக்கு விதி அனுமதித்த கடைசித் தடவை. அரூரில் அவள் அப்பா பெயர்ப்பலகை மாட்டி, வீட்டின் முன்னறையில் பெஞ்சும் போட்டுவிட்டார். இருமலோடும் மூட்டுவலியோடும் வந்தவர்களை, பொண்ணு வந்துடும் என்று சொல்லி உட்காரவைத்திருந்தார். சிலர் போன வருடத்திலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அம்மாதான் மூன்று வேளையும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே அந்த ஒரு மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கிற நிலையில் தமயந்தி இல்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் நோயாளி விடைக்குறிப்பைப் படித்துவிட்டிருக்கிறார். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பேச்சை எடுத்தார்.

"நாளைக்கு எதப் போடப்போறீங்க டாக்டரம்மா?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க."

"இ போட்டாலும் தப்பா நெனச்சுக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டா சட்டையத் தொவச்சு வச்சுக்குவேன், அதுக்குத்தான்."

தமயந்தி பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். இத்தனை மாதத்தில் அவர்மேல் பாசம் வந்துவிட்டது, அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. பதில் வராததால் அவர் சட்டையை எதற்கும் இருக்கட்டும் என்று துவைத்துக் காயப்போட்டார்.

தேர்வுக் கூடத்தில் நோயாளிகளுக்குப் பின்வரிசையில் இடம். அந்த வினா வந்ததும் அங்கங்கே நாற்காலிகள் சாயும் சத்தம் கேட்டது. ஊழியர்கள் எழுதுகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் ஒவ்வொருவராகப் போர்த்திவிட்டுப் போனார்கள். தமயந்தி திரும்பிப் பார்த்தாள். துவைத்த சட்டையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். அவள் பார்வையில் பட்டு மனதைக் கலைத்துவிடக் கூடாது என்று அப்படி உட்கார்ந்திருந்தார். அவள் 'ஆ'வைக் குறித்தாள்.

ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. அரூரில் அப்பா பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பி அனுப்பினார். அவர்கள் இருமிக்கொண்டே போனார்கள். பலகையைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்தார். தமயந்தி இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதாள். நோயாளிதான் ரசம் வைத்துக்கொடுத்தார்.

அடுத்த வாரம் அவருக்கு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதுக்காரரை வைத்து அந்த வினாவைக் கேட்க முடியாது. நாகசுந்தரம் யோசித்துப் பார்த்தார். நோயை இத்தனை கிட்டத்திலிருந்து பார்த்தவர் எளிதில் கிடைக்கமாட்டார் என்று அவரை மாணவராகச் சேர்த்துக்கொண்டார். நோயாளி இடம் ஒன்று காலியாக இருந்தது. வேறு வேலை இல்லாததால் அதைத் தமயந்தி ஏற்றுக்கொண்டாள்.

அவளுக்குப் புதிதாக ஒரு வினா அச்சிட்டார்கள். இருபத்தெட்டு வயதுப் பெண், பசி இல்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேசுவதில்லை. அடுத்துச் செய்ய வேண்டியது எது? அ, இரத்தப் பரிசோதனை. ஆ, என்ன கஷ்டம் என்று கேட்பது. இ, கல்யாணம். ஈ, மேற்கண்ட எதுவும் இல்லை. விடைக்குறிப்பில் 'இ' என்று இருந்தது. இதில் அச்சுப்பிழை கிடையாது, நானே சரிபார்த்தேன் என்றார் நாகசுந்தரம்.

மறுநாள் காலை தமயந்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஐம்பத்து மூன்று வயதுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாடநூலையும் விடைக்குறிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"புஸ்தகத்துல ஆன்னுதான் இருக்கு டாக்டரம்மா."

"ஆமாங்க."

"ஆனா நான் பாஸ் ஆவணுமே."

"குறிச்சுக்குங்க. பயிற்சிதானே."

அவர் 'இ'யைக் குறித்தார். வெளியே கெட்டிமேளம் கொட்டியது. பட்டு வேட்டி கட்டிய ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாலியோடு உள்ளே வந்து, அடுத்த அறையிலும் வேலை இருக்கிறது, சீக்கிரம் என்றார். தமயந்தி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.